தாத்தாவின் கார்னெட்டும் புளியும்

(இசைக்கருவிப் பட்டறைக்காரர் பதில்கள்)

கேள்வி: தாத்தா பிரெஞ்சு ராணுவ பேண்டில் ஊதிய கார்னெட் (ட்ரம்பெட் மாதிரிப் பித்தளை ஊதுகருவி) பரணில் கிடைத்தது. கறுத்துப்போயிருக்கிறது. நடு பிஸ்டன் அசையவில்லை, மவுத்பீஸும் கழலவில்லை. புளி போட்டுத் துலக்கி, வில்லியனூர் மாதா கோயில் திருவிழாவுக்குள் ஊதும்படி செய்துவிடலாமா?
- ஒரு வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: புளியை ரசத்துக்கு வையுங்கள். குத்துவிளக்கு கனமான வார்ப்பு, தேய்த்தால் தாங்கும். கார்னெட் தகடு சுமார் அரை மில்லிமீட்டர்தான். தேய்க்கத் தேய்க்க, சத்தம் வரும் விரிந்த வாயில் செதுக்கிய பெயரும் போய்விடும். அந்தப் பெயரை முதலில் படியுங்கள். ‘கூஎனோன்’ (Couesnon) என்ற பிரெஞ்சுக் கம்பெனிப் பெயர் இருந்தால், பக்கத்தில் தீ பறக்கும் குண்டு முத்திரையைத் தேடுங்கள். அதற்குள் இரண்டு இலக்கம் இருந்தால், அது செய்த ஆண்டு.

உங்கள் சிக்கல் நடு பிஸ்டன்தான். பிஸ்டனும் அது ஏறி இறங்கும் கூடும் சேர்ந்ததுதான் வால்வு. நடு வால்வின் குட்டி ஸ்லைடுக் குழாய் பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும். பரணில் எதிலாவது இடித்தால் அந்த அடி நேரே வால்வுக் கூட்டை உள்ளே தள்ளும். கூட்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே தலைமுடி நுழையக்கூட இடமில்லை. கொஞ்சம் நெளிந்தாலும் பிடித்துக்கொள்ளும். மேல் மூடி, கீழ் மூடி இரண்டையும் கழற்றி, துரு இளக்கும் எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க வையுங்கள். வெறும் களிம்பு என்றால், கீழிருந்து துணி சுற்றிய மரக்குச்சியால் தள்ளினால் வந்துவிடும். வரவில்லையா, கூடு நெளிந்திருக்கிறது, பட்டறைக்குக் கொண்டுபோங்கள். உப்புத்தாள், பாலிஷ் பசை எதையும் பிஸ்டனில் வைக்கவே கூடாது. தேய்ந்த பிஸ்டனில் காற்று ஒழுகும், சுருதி நிற்காது.

மவுத்பீஸைக் குறடு போட்டுத் திருகினால் குழாயே முறுக்கிக்கொள்ளும். அதைக் கழற்றவென்றே புல்லர் என்ற கருவி இருக்கிறது, ஐந்து நிமிஷ வேலை.

அப்புறம், வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்பு போட்டுக் கழுவுங்கள். கொதிநீர் பட்டால் மேலே பூசிய பழைய லாக்கர் (மெருகுப் பூச்சு) உரிந்துவிடும். பிஸ்டன்களில் எண் பொறித்திருக்கும். இடம் மாற்றிப் போட்டால் ஊதினாலும் சத்தம் வராது. கழுவியபின் மவுத்பீஸ் செருகும் குழாயைப் பாருங்கள். நடுவில் கறுப்புப் புள்ளியோடு இளஞ்சிவப்புத் திட்டு தெரிந்தால், பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து செம்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. எந்தப் பாலிஷும் அதைத் தீர்க்காது. அந்தக் குழாயை மட்டும் மாற்றலாம், கருவி பிழைத்துக்கொள்ளும்.

திருவிழாத் தேதியைச் சொல்லிப் பட்டறைக்காரரை விரட்டாதீர்கள். கறுப்பு இருந்தால் இருக்கட்டும், ஊதினால் போதாதா?

கேள்வி: ட்ரம்பெட் பெட்டிக்குள் பூசணம் பிடிக்கிறது. பிஸ்டனுக்குத் தேங்காய் எண்ணெய் போடலாமா?
- ஒரு வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: வேண்டாம். மார்கழியில் உறையும், மற்ற மாதங்களில் பிசுபிசுக்கும். வால்வு எண்ணெயே வாங்குங்கள். வாசித்து முடித்ததும் உள்ளே தங்கிய தண்ணீரை வடித்து, துடைத்த பிறகே பெட்டியில் வையுங்கள். காலிப் பெட்டியை அவ்வப்போது வெயிலில் திறந்து போடுங்கள். வெல்வெட் துணி நைந்திருந்தால் கிழித்துப் புதிதாக ஒட்டிவிடுங்கள். பூசண வாடை அதிலிருந்து போகாது.