காக்கையும் பனம்பழமும்: தர்க்கப் பிழைகள் பற்றிச் சில கேள்விகள்

நான் எதிர்த்துப் பேசினாலே 'விதண்டாவாதம் பண்ணாதே' என்கிறார் அம்மா. அது உண்மையில் என்ன, சார்?

பழைய தர்க்க நூலான நியாய சூத்திரத்திலிருந்து வீட்டுக்குள் வந்த சொல் அது. இருவரும் உண்மையைத் தெரிந்துகொள்ளப் பேசினால் வாதம். எப்படியாவது ஜெயிக்க வேண்டும் என்று பேசினால் ஜல்பம். தனக்கென்று ஒரு கட்சியே இல்லாமல், அடுத்தவர் சொல்வதை மட்டும் உடைத்துக்கொண்டிருந்தால் விதண்டை. "சரி, நீ என்னதான் சொல்கிறாய்?" என்று கேட்டால் உங்களிடம் பதில் இருக்கிறதா? இருந்தால் அம்மாதான் வேறு வார்த்தை தேட வேண்டும்.

சொன்னதை விட்டுவிட்டு வார்த்தையைப் பிடித்துத் தொங்குகிறவர்களை என்ன செய்வது?

அதற்குச் 'சலம்' என்று பெயர். நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் காட்டும் உதாரணம் தமிழிலும் அப்படியே பொருந்தும். "இந்தப் பையன் நவகம்பளம் போர்த்தியிருக்கிறான்" என்கிறார் ஒருவர். புதுக் கம்பளம் என்பது அவர் நினைப்பு. அடுத்தவர், "ஒன்பதா? எனக்கு ஒன்றுதானே தெரிகிறது!" என்கிறார். 'புதியது என்ற பொருளில் சொன்னேன்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டு மேலே போங்கள். அங்கேயே நின்று இலக்கணம் பேசினால் அவர் நினைத்தது நடந்துவிடும்.

கஷாயம் குடித்தேன், மூன்றாம் நாள் ஜலதோஷம் போய்விட்டது. இதுவும் பிழையா?

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. குடிக்காவிட்டாலும் போயிருக்கும். ஆனாலும் குடியுங்கள், தொண்டைக்கு இதமாக இருக்கும்.

என் தாத்தா தினமும் சுருட்டு பிடித்தே 90 வயது வரை இருந்தார். இதற்கு என்ன சொல்வீர்கள்?

சுருட்டு பிடித்து 50-இல் போனவர்கள் உங்களிடம் வந்து கதை சொல்ல மாட்டார்கள் என்பேன். இரண்டாம் உலகப் போரில் திரும்பி வந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களில் எங்கெங்கே குண்டு பாய்ந்திருக்கிறது என்று கணக்கெடுத்தார்கள். ஓட்டை அதிகமுள்ள இடத்தில் கவசம் போடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆபிரகாம் வால்ட் என்ற புள்ளியியல் அறிஞர் மாற்றி யோசித்தார்: எஞ்சினில் அடிபட்டவை திரும்பியே வரவில்லை, அதனால்தான் அங்கே ஓட்டை குறைவு. உங்கள் தாத்தா திரும்பி வந்த விமானம்.

புகையைப் பற்றிப் பேசுவதால் இன்னொன்று. 1946-இல் அமெரிக்காவில், வேறெந்த சிகரெட்டையும்விடக் கேமலைத்தான் அதிக டாக்டர்கள் பிடிக்கிறார்கள் என்று விளம்பரம் வந்தது. டாக்டர் எதைப் பிடிக்கிறார் என்பதா கேள்வி? நுரையீரல் என்ன ஆகிறது என்பதல்லவா?

அப்படியானால் அலங்காரமாகப் பேசுவதே ஏமாற்றுத்தானா?

இல்லை. புறநானூறு 95-ஆம் பாட்டைப் பாருங்கள். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போகிறார் ஔவையார். ஆயுதசாலையைக் காட்டுகிறான் தொண்டைமான். உன்னுடையவை பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலுள்ள மாளிகையில் அழகாக இருக்கின்றன. அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். புகழ்வதுபோல் ஓர் எச்சரிக்கை! இதை வஞ்சப்புகழ்ச்சி என்பார்கள். ஆனால் உள்ளே ஒரு நியாயமான காரணம் இருக்கிறது: இவன் ஆயுதம் போர் பார்க்கவில்லை, அவன் ஆயுதம் பார்த்திருக்கிறது. அலங்காரத்தைக் கழற்றிவிட்டுப் பாருங்கள், காரணம் மிஞ்சுகிறதா என்று. மிஞ்சாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும்.

எதிராளி பேச்சில் பிழையைக் கண்டுபிடித்துவிட்டால் நான் ஜெயித்ததாகத்தானே அர்த்தம்?

பட்டிமன்றத்துக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும்போது நான் அதிகம் சண்டை போடுவது இதற்குத்தான். பிழைகளின் பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டு வந்து முத்திரை குத்துகிறார்கள். மணிமேகலை 29-ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் போலிகளை, அதாவது தர்க்கப் பிழைகளை, ஒவ்வொன்றாக விளக்குகிறார். ஏதுப்போலியில், அதாவது காரணம் பிழையாக இருப்பதில், ஓர் உதாரணம்: 'சத்தம் அநித்தம் (நிலையில்லாதது), கண்ணுக்குப் புலப்படுவதால்.' சத்தம் எங்கே கண்ணுக்குத் தெரிந்தது? காரணம் அபத்தம். ஆனால் சத்தம் நிலையில்லாதது என்பது பௌத்தர்களே ஏற்கிற முடிவு. ஆக, உங்களால் உடைக்க முடிந்தது அந்த 'கண்ணுக்கு' என்ற காரணத்தை மட்டும்தான். சத்தம் நிலையானது என்று காட்ட நீங்கள் தனியாக ஒரு காரணம் கொண்டுவர வேண்டும்.