நட என்றும் நில் என்றும் சொல்வது யார்?

கேள்வி: நடக்கும்போது ஒவ்வொரு அடியையும் மூளைதான் எடுத்து வைக்கச் சொல்கிறதா?

இல்லை. கால்களை மாற்றி மாற்றி வைக்கும் தாளம் தண்டுவடத்திலேயே உருவாகிறது. அதைத் தொடங்கி வைப்பதும் வேகம் கூட்டுவதும், பெருமூளையையும் தண்டுவடத்தையும் இணைக்கும் மூளைத்தண்டின் வேலை. 1966-ல் மாஸ்கோவில் ஷிக், செவெரின், ஓர்லோவ்ஸ்கி ஆகிய மூன்று ஆய்வாளர்கள் பெருமூளைத் தொடர்பு துண்டிக்கப்பட்ட பூனையின் நடுமூளையில் (மூளைத்தண்டின் மேற்பகுதியில்) ஓரிடத்தை மின்சாரத்தால் தூண்டினார்கள். டிரெட்மில் மேல் அது நடக்கத் தொடங்கியது. மின்சாரத்தைக் கூட்டக் கூட்ட நடை ஓட்டமாகி, பிறகு பாய்ச்சலானது. மூளையைப் பற்றிய பரிசோதனைகளில் என்னை இன்றும் வியக்க வைப்பது இதுதான். நடுமூளையின் இந்தச் செய்தியை மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்தில் உள்ள நியூரான்கள் (நரம்பு செல்கள்) வாங்கி, தண்டுவடத்துக்கு அனுப்புகின்றன.

கேள்வி: அப்படியானால் அந்தச் செய்தி நின்றால் நாமும் நின்றுவிடுவோம், அவ்வளவுதானே?

அவ்வளவு மட்டுமில்லை. நிற்பதற்கென்றே தனி உத்தரவு உண்டு. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் 2015-ல் சுண்டெலிகளின் மூளைத்தண்டில் 'வி2ஏ' வகை நியூரான்களை ஒளியால் தூண்டினார்கள். நடந்துகொண்டிருந்த எலி நின்றுவிட்டது. 2020-ல் வெளியான ஆய்வு இன்னும் அழகானது: இதே வகை நியூரான்களை ஒரு பக்கம் மட்டும் தூண்டினால் எலி அந்தப் பக்கமாகத் திரும்பியது. அந்தப் பக்கத்துக் கால் வைக்கும் அடி குறுகிவிடுவதால், போகும் திசையும் மாறுகிறது.

கேள்வி: பக்கவாதம் வந்த அப்பா இப்போது நடக்கிறார். ஆனால் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. ஏன்?

விரல்களைத் தனித்தனியாக அசைக்கப் பெருமூளையின் வெளிப்படலமான புறணியிலிருந்து தண்டுவடத்துக்கு நேராக இறங்கும் பாதை வேண்டும். உடலை நிமிர்த்தி நிறுத்தவும் நடக்கவும் மூளைத்தண்டின் பாதைகள் பெரிதும் துணை நிற்கின்றன. அவற்றில் பல உடலின் இரு பக்கத்துக்கும் போவதால், மூளையின் ஒரு பக்கம் பாதித்தாலும் நடை தேற வழி இருக்கிறது. லாரன்ஸ், கைப்பர்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1968-ல் குரங்குகளில் அந்த நேர்ப்பாதையை மட்டும் துண்டித்துப் பார்த்தார்கள். அவை மெல்லத் தேறி நடந்தன, ஏறின; விரல்களைத் தனித்தனியாக அசைக்கும் திறன் மட்டும் திரும்பவில்லை. உங்கள் அப்பாவின் நிலை குரங்கின் நிலையே அல்ல. பாதிப்பு எங்கே, எவ்வளவு என்பதைப் பொறுத்துக் கை தேறலாம். கைக்கான பிசியோதெரபியை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: கனவில் ஓடுகிறோம், கால் ஏன் அசைவதில்லை?

கனவு அதிகம் வரும் 'ரெம்' உறக்கத்தில் மூளைத்தண்டு, தண்டுவடத்தில் தசைகளை இயக்கும் நியூரான்களை அடக்கி வைக்கிறது. வீட்டில் வயதானவர் யாராவது கனவுக்கேற்ப உதைத்தாலோ கத்தினாலோ நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். பார்க்கின்சன் நோய்க்குப் பல ஆண்டுகள் முன்பே இது தலைகாட்டுவதுண்டு.