மிளகு விலை எழுதி வச்ச ரோமன் ஆபீசர்

கேள்வி: காபிச்செடிக்கு நடுவுல மிளகுக்கொடி ஏத்தியிருக்கோம். அந்தக் காலத்து மிளகு விலைய ஒரு ரோமன் மிலிட்டரி ஆபீசர் எழுதி வச்சிருக்காராமே, யாருங்க அவரு? – வாசகர், தாண்டிக்குடி

பதில்: மூத்த பிளினிங்க. ஜெர்மனி பக்கம் குதிரைப்படை அதிகாரி, அப்புறம் ஸ்பெயின்ல கஜானா கணக்கு பாக்குற பதவி, கடைசியா இத்தாலியில மிசேனம் துறைமுகத்துல கப்பற்படைத் தலைவர். இத்தனை டியூட்டிக்கும் நடுவுல ராத்திரி விளக்கு வச்சு எழுதுன மனுசன், நீங்க பாய்ல காயப்போட்டா சுருங்கி கறுக்குதே அதே கருமிளகு, ரோமன் பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 330 கிராம், 4 வெள்ளிக்காசுன்னு குறிச்சிருக்காரு, பாண்டியரோட மதுரையக்கூட விடல. எனக்கு மனசு கனத்துப்போறது அவரோட முடிவுதாங்க. கி.பி. 79ல வெசுவியஸ் எரிமலை வெடிச்சப்ப ஜனங்கள காப்பாத்த கப்பல எடுத்துட்டுப் போனாரு, கல்மழைக்குத் தலையில தலகாணி கட்டிக்கிட்டு கரைக்கு வந்து, விரிச்ச துணிமேல படுத்து பச்சத்தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சாரு, அங்கேயே உசுரு போயிடுச்சு.