கலிவரின் பயணங்கள்: எந்தப் பதிப்பை நம்பலாம்?

கேள்வி: என்னிடம் உள்ள 'கலிவரின் பயணங்கள்' ஆங்கிலப் பிரதிகள் இரண்டிலும் சில வரிகள் ஒத்துப்போகவில்லை. எது சரி?

பதில்: பெரும்பாலும் ஒன்று 1726 லண்டன் பாடம் (அதாவது அந்தப் பதிப்பின் வாசக வடிவம்), மற்றது 1735 டப்ளின் பாடம். ஜொனாதன் ஸ்விஃப்ட் தன் பெயரை மறைத்து, 'ரிச்சர்ட் சிம்ப்சன்' என்ற புனைபெயரில் கடிதம் எழுதித்தான் பெஞ்சமின் மாட் என்ற பதிப்பாளரை அணுகினார். அரசு வழக்குப் போடுமோ என்று அஞ்சிய மாட், அரசைக் கேலி செய்யும் காரமான இடங்களை மழுப்பிவிட்டார். அவசரமாக ஐந்து அச்சகங்களுக்குப் பிரித்துக் கொடுத்ததால் பிழைகளும் மலிந்தன. 1726 அக்டோபர் 28 அன்று நூல் வெளிவந்தது. ஸ்விஃப்டின் நண்பர் சார்லஸ் ஃபோர்டு திருத்தங்களைப் பட்டியலிட்டு அனுப்பினார்; முழுமையான சீரமைப்பு வந்தது டப்ளின் பதிப்பாளர் ஜார்ஜ் ஃபாக்னரின் 1735 பதிப்பில்தான்.

உங்கள் பிரதிகளில் முதல் பாகம், மூன்றாம் அத்தியாயத்தைப் புரட்டுங்கள். லில்லிபுட் மன்னர் பரிசளிக்கும் பட்டு நூல்கள் நீலம், சிவப்பு, பச்சை என்றிருந்தால் 1735 பாடம். அவை அன்றைய பிரிட்டிஷ் அரச விருதுகளின் நாடா நிறங்கள். கேலி நேரடியாகப் பாய்கிறது. ஊதா, மஞ்சள், வெள்ளை என்றிருந்தால் மழுப்பிய பாடம். எவ்வளவு சின்ன மாற்றம், எவ்வளவு பெரிய இழப்பு!

என் பரிந்துரை 1735தான். ஆனால் அதிலும் ஒரு குறை உண்டு: மூன்றாம் பாகத்தில் லிண்டலினோ நகரத்தார் பறக்கும் தீவை எதிர்த்து நிற்கும் பகுதி அதில் இல்லை. அது முதன்முதலாக அச்சேறியது 1899இல். அதையும் சேர்த்த பிரதியாகப் பார்த்து வாங்குங்கள்.