ஒன்ராறியோவில் அயல் பண்ணையின் எரு நாற்றத்துக்காக வழக்குப் போட முடியுமா?

நகரத்தின் ஓரத்தில் புது வீடு வாங்கிய உங்களுக்கு, வேலிக்கு அப்பாலுள்ள மாட்டுப்பண்ணையின் நாற்றத்துக்கு நஷ்டஈடு கேட்கலாமா என்பது கேள்வி. அந்தப் பண்ணை ஒழுங்காக நடக்கிறது என்றால் வழக்கு நிற்காது. நாற்றம், இரைச்சல், தூசி, ஈ, புகை, வெளிச்சம், அதிர்வு ஆகியவை வழமையான பண்ணை நடைமுறையிலிருந்து எழும்வரை, 1998ஆம் ஆண்டின் வேளாண்மை, உணவு உற்பத்திப் பாதுகாப்புச் சட்டம் அவற்றுக்கு விவசாயியைப் பொறுப்பாக்குவதில்லை. 1988இல் வந்த பழைய சட்டம் இவற்றில் முதல் மூன்றை மட்டுமே சொன்னது. நகரசபையிடம் முறையிட்டாலும் பயன் குறைவு. வழமையான நடைமுறையை அதன் துணைவிதிகளும் கட்டுப்படுத்த முடியாது.

ஆகவே, எது வழமை என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. அதே சூழலில் இயங்கும் அதே வகைப் பண்ணைகள் ஏற்றுக்கொண்டு பின்பற்றும் முறையே வழமை என்கிறது சட்டம். நல்ல நிர்வாகத்தோடு கையாளப்படும் புதிய தொழில்நுட்பமும் அதில் அடங்கும். 'நான்தான் முதலில் இங்கே இருந்தேன்' என்ற வாதத்துக்கு, பலரும் நினைப்பதற்கு மாறாக, இந்த வரையறையில் இடமில்லை. இதைத் தீர்மானிப்பது இதற்கென்றே அமைந்த ஒரு வாரியம். நடைமுறை வழமையானதல்ல என்று கண்டால், அதை நிறுத்தவோ மாற்றவோ அது உத்தரவிடலாம். எரு ஓடையில் கலந்தால் கதையே வேறு: சுற்றுச்சூழல், நீர்வளம், பொதுச் சுகாதாரம் குறித்த சட்டங்களிலிருந்து விவசாயிக்கு விலக்குக் கிடையாது.

வீடு வாங்கியவர்களுக்கு இது அநீதியாகத் தெரியலாம்; எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஏனெனில் இங்கே காக்கப்படுவது நடைமுறையே தவிர நிறுவனம் அல்ல. அமெரிக்காவின் வட கரோலைனாவில் நடந்ததுதான் எனக்கு உறுத்துகிறது. 2018 ஏப்ரலில், பன்றி இறைச்சி நிறுவனமான ஸ்மித்ஃபீல்டின் துணை நிறுவனத்துக்கு எதிராக, பன்றிப் பண்ணையொன்றின் அயலவர்கள் பத்துப் பேருக்கு நடுவர் குழு 5 கோடி டாலருக்கு மேல் வழங்கியது. சட்ட உச்சவரம்பால் அது சுமார் 32.5 இலட்சமாகச் சுருங்கியது. அதன்பின் இரண்டே மாதத்தில் மாநிலச் சட்டமன்றம், ஆளுநரின் மறுப்பையும் மீறி, தொல்லையின் மூலத்திலிருந்து அரை மைலுக்குள் சொத்து வைத்திருப்பவர் மட்டுமே, அதுவும் பண்ணை தொடங்கிய அல்லது அடிப்படையில் மாறிய ஓராண்டுக்குள், வழக்குப் போடலாம் என்று விதித்துவிட்டது.

நீங்கள் முதலில் அந்த விவசாயியிடம் எரு எப்போது பரப்புவார் என்று கேளுங்கள். சரிவராவிட்டால் மாகாண வேளாண்மை அமைச்சை அணுகுங்கள். வாரியத்துக்குப் போகுமுன் அவர்கள் சமரசத்துக்கு முயல்வார்கள். நாற்றம் வந்த நாள், நேரம், காற்றின் திசை ஆகியவற்றை இப்போதிருந்தே எழுதி வையுங்கள். வாரியம்வரை போக நேர்ந்தால் அந்தக் குறிப்புகள் உதவும்.