தேர்தலில் வென்றவரைச் சர்வாதிகாரி என்று எழுதலாமா?

கேள்வி: கல்லூரிக் கட்டுரைப் போட்டிக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் கடுமையாக ஆளுகிற எல்லாத் தலைவர்களையும் சர்வாதிகாரி என்கிறார்கள். மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஒருவரை அப்படி எழுதுவது சரியா? எதை வைத்து முடிவு செய்வது?
- முதுகலை மாணவி, தஞ்சாவூர்

பதில்: எழுதலாம். ஆனால் அவர் எப்படிப் பதவிக்கு வந்தார், எவ்வளவு கோபக்காரர் என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு நீதிபதியோ, பத்திரிகை ஆசிரியரோ, எதிர்க்கட்சி உறுப்பினரோ அவரிடம் ‘முடியாது’ என்று சொல்லிவிட்டு நிம்மதியாக வீடு திரும்ப முடிகிறதா? அடுத்த தேர்தலில் அவரை இறக்க வழி இருக்கிறதா? அதைப் பாருங்கள்.

இந்தச் சொல் ஆரம்பத்தில் வசைச்சொல்லே இல்லை. பழைய ரோமில் ‘டிக்டேட்டர்’ சட்டப்படியான பதவி. போர் மாதிரி நெருக்கடி வந்தால் ஒருவரிடம் முழு அதிகாரத்தையும் ஒப்படைப்பார்கள். அதிகபட்சம் ஆறு மாதம், அப்புறம் இறங்கிவிட வேண்டும். கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் அதை ஆயுள் பதவியாக்கிக்கொண்டார். அவர் கொலையுண்டதும் அந்தப் பதவியையே ஒழித்துவிட்டார்கள். நம் நாட்டிலும் 1930களின் சட்டமறுப்பு இயக்கத்தில், தலைவர்கள் கைதாகக் கைதாக அடுத்துப் பொறுப்பேற்றவரைக் காங்கிரஸ்காரர்களே ‘சர்வாதிகாரி’ என்றுதான் அழைத்தார்கள். பழைய செய்தித்தாள்களில் அப்படிப் பார்த்தால் குழம்ப வேண்டாம்.

இனி உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். ‘ஹிட்லரும் தேர்தலில் ஜெயித்தவர்தானே’ என்பார்கள். அது பாதி உண்மை. 1932 நவம்பர் தேர்தலில் நாஜிக் கட்சிக்குக் கிடைத்தது 33 சதவீத வாக்கு. 1933 ஜனவரி 30 அன்று ஜனாதிபதி ஹிண்டன்பர்க் அவரைச் சான்சலராக, அதாவது அரசின் தலைவராக, நியமித்தார். அன்றைய தேதியில் அவர் சர்வாதிகாரி இல்லை.

பிப்ரவரி 27 இரவு நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாளே பேச்சுரிமையும் பத்திரிகைச் சுதந்திரமும் அவசர ஆணையால் பறிபோயின. மார்ச் 23 அன்று உறுப்பினர்கள் ஓர் ஓபரா அரங்கில் கூடினார்கள். நாடாளுமன்றத்தைக் கேட்காமலே அமைச்சரவை சட்டம் இயற்றலாம் என்ற மசோதா வாக்கெடுப்புக்கு வந்தது. கம்யூனிஸ்ட் உறுப்பினர் ஒருவர்கூட அங்கே இல்லை. பலர் சிறையில், மற்றவர்கள் தலைமறைவு. அரங்குக்குள்ளேயே சீருடை போட்ட நாஜிப் படையினர் நின்றார்கள். அந்த நேரத்தில் சமூக ஜனநாயகக் கட்சியின் ஓட்டோ வெல்ஸ் எழுந்து, “எங்கள் சுதந்திரத்தையும் உயிரையும் பறிக்கலாம், மானத்தைப் பறிக்க முடியாது” என்றார். ஆதரவு 444, எதிர்ப்பு 94. அந்த 94 பேரைப் பற்றி வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குக் குரல் தழுதழுக்கும். ஜூலை 14 அன்று மற்றக் கட்சி நடத்துவதே குற்றமாயிற்று. நியமனத்திலிருந்து ஐந்தரை மாதம், அவ்வளவுதான். ஆகவே ‘எந்தத் தேதியிலிருந்து’ என்று கேட்டுப் பாருங்கள், பதில் தானாகத் தெளியும்.

இந்தியாவில் இதைவிடச் சிக்கலான உதாரணம், பிரதமர் இந்திரா காந்தி கொண்டுவந்த நெருக்கடிநிலை. 1975 ஜூன் 25 முதல் 1977 மார்ச் 21 வரை எதிர்க்கட்சித் தலைவர்கள் விசாரணையின்றிச் சிறையில் இருந்தார்கள், பத்திரிகைகளுக்குத் தணிக்கை இருந்தது. 1976 ஜனவரி 31 அன்று தமிழ்நாட்டில் தி.மு.க. அரசு கலைக்கப்பட்டது. அந்த ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே, சிறைவைத்ததை எதிர்த்து நீதிமன்றம் போக முடியாது என்று 4-1 எனத் தீர்ப்பளித்தது. மறுத்தவர் நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவர்தான். ஆனால் அதே இந்திரா காந்தி 1977இல் தேர்தல் நடத்தினார், தோற்றார், பதவியை விட்டு இறங்கினார். அந்த 21 மாதத்தைச் சர்வாதிகார ஆட்சி என்று நான் தயங்காமல் எழுதுவேன். அவருடைய அரசியல் வாழ்க்கை முழுவதற்கும் அந்தச் சொல்லைப் போட மாட்டேன்.

உங்கள் கட்டுரையிலும் அப்படியே செய்யுங்கள். அமைச்சர்களை அதட்டுகிறார், கட்சிக்குள் யாரையும் பேசவிடுவதில்லை என்றால் ‘எதேச்சாதிகாரப் போக்கு’ என்று எழுதினால் போதும். தேர்தலைத் தள்ளிப்போட்டார், நீதிமன்றத்தின் கையைக் கட்டினார், விமர்சித்தவரைச் சிறையில் அடைத்தார் என்றால் ஒவ்வொன்றையும் தேதியோடு முதலில் எழுதுங்கள். ‘சர்வாதிகாரி’ என்ற சொல் அதற்கடுத்த வரியில் வரட்டும்.