அப்பாட்டை ஆரும் ஃபோம் நீட்டேல்ல

கடிதம்: வணக்கம் அண்ணை. மருத்துவபீடத்தில படிப்பிக்க வந்து ரெண்டு வருசம். இந்தமுறை மாணவர் மதிப்பீட்டில எனக்கு 5க்கு 2.8. 'சிலைட்டைப் பாத்து வாசிக்கிறா' எண்டு பேர் போடாமல் எழுதியிருக்கினம். இந்தக் காலத்துப் பெடியளுக்கு மரியாதை இல்லை. அவை போடுற புள்ளியை வைச்சு ஆசிரியரை அளக்கலாமோ? பேப்பர் ஃபோமோ ஒன்லைனோ நல்லது?

பதில்: தங்கச்சி, முதல்ல கண்ணைத் துடையுங்கோ. பேப்பரோ ஒன்லைனோ, எதெண்டாலும் கன்ரீனுக்கு ஓடுற அவசரத்திலதான் புள்ளடி போடுவினம், அதை விடுவம். ஆனா மரியாதை இல்லை எண்டு எழுதினீங்கள் பாருங்கோ, அதுக்கு எனக்குக் கோவம்தான் வந்தது. சிலைட்டைப் பாத்து வாசிச்சனீங்களோ இல்லையோ? வாசிச்சிருந்தா அவை உள்ளதைத்தானே சொல்லியிருக்கினம். நாங்கள் படிக்கேக்க வாத்திமாரைப் பற்றிக் கக்கூஸ் சுவரில எழுதினனாங்கள், இவை ஃபோமில எழுதுகினம், முன்னேற்றம்தான்.

2.8ஐயும் தலையில தூக்கி வைக்காதேங்கோ. ஜேர்மனியில மூண்டாம் வருச மருத்துவ மாணவரில பாதிக் குழுக்களுக்கு வகுப்பில சொக்லட் பிஸ்கட் வைச்சு, மற்றவைக்கு வைக்காமல் விட்டுப் பாத்தவை, பிஸ்கட் திண்டவை ஆசிரியருக்கும் கூடப் புள்ளி, பாடக் குறிப்புக்கும் கூடப் புள்ளி போட்டவை. 2018ல வந்த ஆய்வு. அடுத்தமுறை லெமன் பஃப் ரெண்டு பைக்கற் கொண்டு போங்கோ.

எனக்குக் கிடந்து உறுத்துறது வேற. அப்பா ஈரல் வீங்கி வோர்ட்டில கிடந்தவர். ஒருநாள் ஒரு சேர் வந்து போர்வையை ஒரே இழுவையா இழுத்து, சாரத்தையும் இறக்கிப்போட்டு, பத்துப் பன்னிரண்டு பெடிபெட்டையளுக்கு நடுவில இங்கிலிசில கடகடவெண்டு விளங்கப்படுத்தினார், அருமையான லெக்சர்தான், எழுதின வேகத்தில தெரிஞ்சது. அப்பா என்ர முகத்தைப் பாத்து 'என்னவாம் தம்பி' எண்டார். எனக்கும் அரைகுறை.

மற்றக் கிழமை ஒரு மிஸ். கை ரெண்டையும் உரஞ்சிச் சூடாக்கிப்போட்டு 'ஐயா, தொட்டுப் பாக்கட்டோ' எண்டு கேட்டுத்தான் வயித்தில வைச்சா, அமத்தேக்க கண் வயித்தில இல்லை, அப்பாவின்ர முகத்தில, எங்க நோகுது எண்டு. முடிய சாரத்தைத் தானே மேல இழுத்துவிட்டிட்டு, பெடியளுக்கு இங்கிலிசில சொன்னதை அவருக்குத் தமிழில சொன்னா. அமெரிக்காவில இருந்து வந்த மிசன் வைத்தியர் கிறீன் 1860களில யாழ்ப்பாணத்து மானிப்பாயில மருத்துவத்தையே தமிழில படிப்பிச்சவர், இப்ப கட்டில்ல கிடக்கிற ஆளுக்கு ரெண்டு வசனம் சொல்ல எங்கட ஆக்களுக்குப் பஞ்சி.

பெடியள் ஆருக்குக் கூடப் போட்டிருப்பினமோ. ஆனா ரெண்டுபேரும் படிப்பிச்சது அப்பாவின்ர வயித்தில, அவரிட்டை ஆரும் ஃபோம் நீட்டேல்ல. நோயாளியிட்டைக் கேக்க மூண்டு கேள்வி காணும் தங்கச்சி: கேட்டுத் தொட்டவையோ, மூடி விட்டவையோ, உங்களுக்கு விளங்கச் சொன்னவையோ. இங்கிலிசில கேக்காதேங்கோ, பேனையும் குடுக்காதேங்கோ, பக்கத்தில இருந்து வாயால கேளுங்கோ.

அந்த மிஸ் வந்த அண்டைக்குப் பின்னேரம் அந்தக் கூட்டத்தில நிண்ட ஒரு பெடியன் தனிய வந்தான். பேசாமல் கட்டிலடியில நிண்டு கையை உரஞ்சினான். அப்பா தானே சாரத்தைத் தளத்திக்கொண்டு 'என்ன தம்பி, சோதினை கிட்டவோ' எண்டார்.